ஏழாவது கோடு

கல் அறுக்கும் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் தேறிய சான்றிதழ். இன்னொன்று, படிக்கும்போது கிடைத்த உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கிய ரசமட்டம். அதன் கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் குமிழி நடுவில் வந்து நிற்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஃபிட்டர் வகுப்பில் இருந்த ஒரே பெண்ணும் நான்தான். இந்த இரண்டையும் யாரும் கேட்காமலே சொல்லிவிடுவது என் வழக்கம். ஆனால் ஒன்றை மட்டும் அந்த ஷெட்டில் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த ஷெட் நின்ற நிலத்தில், ஒன்பதாவது படிக்கும்போது, விடுமுறை நாட்களில் அம்மாவோடு கூலிக்கு நாற்று நட்டிருக்கிறேன். முழங்கால் வரை சேற்றோடு நின்ற இடத்தில் இப்போது காலில் ஷூ போட்டு நிற்கிறேன். அதைச் சொன்னால் ஷூவை மறந்துவிட்டுச் சேற்றைத்தான் நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஷெட் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. முதலாளிக்குக் காஞ்சிபுரத்தில் கடை. வாரத்துக்கு இரண்டு முறை மோட்டார் சைக்கிளில் வருவார். மிஷினை வெளிநாட்டிலிருந்து பழையதாக வாங்கியிருந்தார். அதனோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படிக்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

மிஷினை இப்படிச் சொன்னால் விளங்கும். எதிரெதிராக இரண்டு நீளச் சுவர்கள், ஆள் உயரத்துக்கு மேலே. ஒவ்வொரு சுவரின் தலையிலும் ஒரு தண்டவாளம். இரண்டு தண்டவாளங்களிலும் கால் வைத்து, குறுக்கே ஓர் இரும்புப் பாலம். பாலத்தில் வைரப் பல் கொண்ட வட்ட ரம்பம் தொங்கும். ரம்பம் பாலத்தின் மேல் ஓடிக் கல்லை அறுக்கும். ஓர் அறுப்பு முடிந்ததும் பாலம் மொத்தமும் சுவர் நெடுக நகர்ந்து, அடுத்த அறுப்புக்கு உரிய இடத்தில் நிற்கும். டன் கணக்கில் எடையுள்ள பாலத்தின் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் ஒரே தூரம் நகர வேண்டும். ஒரு கால் கொஞ்சம் பின்தங்கினாலும் பாலம் கோணிக்கொள்ளும். பிறகு கல் சதுரமாக வராது.

சேர்ந்த புதிதில் நான் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சுற்றுவது சுலபம். அச்சில் மாட்டிவிட்டால் எந்தச் சக்கரமும் சுற்றும். நேராகப் போவதுதான் கஷ்டம். எந்தப் பொருளும் தானாக நேராகப் போகாது, ஏதாவது ஒன்று அதை நேராகப் பிடித்திருக்க வேண்டும். பாலத்தைப் பிடித்திருப்பது தண்டவாளம். தண்டவாளத்தைப் பிடித்திருப்பது சுவர். என் யோசனை சுவரோடு நின்றுவிட்டது.

சுவரில் மூன்றடிக்கு ஒன்றாக ஏழு சாக்பீஸ் கோடுகள் போட்டேன். முதல் கோடு வாசல் பக்கம். ஏழாவது, ஷெட்டின் பின்மூலையில். வாரம் ஒரு முறை, கல் எதுவும் இல்லாமல் பாலத்தை மட்டும் ஓட்டச் சொல்லி, ஒவ்வொரு கோட்டையும் தாண்டும்போது ஆம்பியர் மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுதுவேன். இதைச் செய்யச் சொல்லிப் புத்தகத்தில் இல்லை. மாடு மூச்சு வாங்குவதைப் பார்த்து வண்டியில் பாரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வது போல, முள்ளைப் பார்த்தால் மோட்டார் எவ்வளவு முக்குகிறது என்று தெரியும். தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

பாலத்தை ஓட்டியவர் ஆபரேட்டர். சாலவாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பம், முப்பது வயதிருக்கும். ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டக் கூலிக்கு வந்தவர், மிஷின் பூட்ட வந்தவர்களுக்குக் கூடமாட இருந்து, பட்டன்களைக் கற்றுக்கொண்டு அப்படியே ஆபரேட்டராக நின்றுவிட்டார்.

“இன்னா எஞ்சினீரம்மா, மிஷினுக்கு நாடி புடிச்சிப் பாக்கிறியா?” என்பார்.

“ஆமாண்ணா. ஏழு கோட்டுலயும் நாலுதான் நிக்குது.”

“நாலுன்னா பொயச்சிக்குமா?”

“நல்லாவே பிழைச்சுக்கும்.”

“அப்ப எனக்கும் ஒருவாட்டி புடிச்சிப் பாரு. நேத்து ரெண்டு மூட்ட நெல்லு தூக்கினேன்.”

அவர் அதிகம் சிரித்தது என் டிபன் டப்பாவைப் பார்த்துத்தான். மிஷினுக்குள் கை வைக்கும் முன் செய்ய வேண்டியவை என்று புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் படங்கள் இருந்தன. ரம்பம் நின்றுவிட்டதா என்று பார். ரம்பம் தொங்கும் தலையைக் கீழே இறக்கு, அடியில் முட்டுக் கொடு. கரண்டை நிறுத்து. கடைசிப் படத்தில் மெயின் சுவிட்சில் ஒரு பூட்டும், அதன் சாவி வேலை செய்கிறவன் சட்டைப் பையிலும் இருந்தது. எங்கள் சுவிட்சில் பூட்டு மாட்ட வழியில்லை. அதனால் மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, காலி டப்பாவில் போட்டு மூடி, பையோடு தோளில் மாட்டிக்கொள்வேன். முட்டுக்கு ஒரு பனங்கட்டை வைத்திருந்தேன்.

“சோத்துக்குத் தொட்டுக்க ஃபியூஸா?” என்று கேட்பார். “இங்க நம்ம ரெண்டு பேருதான் கீறோம். நான் இன்னா உன்ன அரைக்கவா போறேன்?”

“நீங்க அரைக்க மாட்டீங்க. மறந்துடுவீங்க.”

“இந்தம்மாவக் கட்டிக்கிறவன் பாவம். பொயுதுக்கும் வெளக்கு எரியாது.”

ஐப்பசியில் மழை பிடித்தது. ஏரி நிரம்பி, ஷெட்டின் பின்மூலையை ஒட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பத்து நாள் கழித்து, பாலம் பின்மூலைக்குப் போகும்போது திக்கியது. கொஞ்சம் நகரும், நிற்கும், பிறகு வெடுக்கென்று தாவும். அந்தப் பக்கம் அறுத்த பலகைகள் இரண்டு நூல் கோணலாக வந்தன. நூல் என்பது கொத்தனார் கணக்கில் அரைக்கால் அங்குலம். வாங்குகிறவர்கள் அரை நூலுக்கு மேல் ஏற்க மாட்டார்கள். கோணல் பலகைகள் வேலியோரம் அடுக்கடுக்காகச் சேர்ந்தன.

திங்கட்கிழமை முதலாளி வந்து அந்த அடுக்கைப் பார்த்தார்.

“இன்னும் எத்தினி கல்லுடா பாயாக்குவ? பட்டன அமுக்கத் தெரியுமா தெரியாதா உனக்கு?”

“நான் நேராத்தான் வுடறேன் மொதலாளி. அதுதான் வலிச்சிக்கினு போவுது.”

“போன மாசம் வலிக்கல? குடிச்சிட்டு வரியா?”

“சத்தியமா தொடறதில்ல.”

“சனிக்கெயம வரிக்கும் பாப்பேன். அதுக்குள்ள சரியா அறுத்துக் காட்டு. இல்லாட்டி எனக்கு வேற ஆள் கீது.” என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, படிச்சிட்டு வந்திருக்கியே, மிஷின்ல எதுனா கோளாறா?”

“தெரியலைங்க. பாக்கணும்.”

“அப்ப மிஷின்ல ஒண்ணுமில்ல.” வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுக்க ஆபரேட்டர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. சாப்பிடும்போது, “மயைல கூலி வேலைக்கு எவன் கூப்புடுவான்? வூட்ல மூணு உருப்படி கீது” என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

முதலில் அழுக்கு என்று நினைத்தேன். கல் அறுக்கும்போது தெறிக்கும் சேறு காய்ந்தால் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். தண்டவாளங்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சக்கரங்களுக்கு முன்னால் தேய்ந்திருந்த துடைப்புப் பட்டைகளை மாற்றி, மெல்லிசாக எண்ணெய் விட்டேன். ஓட்டிப் பார்த்தோம். முதல் நாலு கோட்டிலும் நாலு. ஐந்தாவதில் ஐந்து. ஆறாவதில் ஆறு. ஏழாவதில் எட்டுக்குப் போய் மோட்டார் நின்றுவிட்டது.

செவ்வாயன்று சக்கரங்களின் பேரிங்கைப் பார்த்தேன். புதன்கிழமை, பாலத்தைத் தள்ளும் நீளமான திருகுத் தண்டுகளைக் கையால் சுற்றிப் பார்த்து, போல்ட்டுகளை எல்லாம் முடுக்கினேன். ஒவ்வொரு முறையும் ஃபியூஸ் டப்பாவுக்குள். ஒவ்வொரு முறையும் மறுபடி மாட்டி ஓட்டினால் அதே கணக்கு: நாலு, நாலு, நாலு, நாலு, ஐந்து, ஆறு, எட்டு.

பயமாகத்தான் இருந்தது. அவருடைய வேலை என் கையில் இருப்பது போல இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த எண்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயத்தைவிட ஆசைதான் அதிகமானது. நான் கை வைத்தவற்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருந்திருந்தால், எண் கொஞ்சமாவது கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். அசையவே இல்லை. பேரிங் கெட்டிருந்தால் பாலம் போகும் இடமெல்லாம் முனக வேண்டும், ஏனென்றால் பேரிங் பாலத்தோடுதான் போகிறது. இது வாசல் பக்கம் சுகமாக இருந்துவிட்டு, பின்மூலைக்குப் போகப் போகத்தான் நோகிறது. அப்படியானால் கோளாறு ஓடுகிற பொருளில் இல்லை. ஓடுகிற இடத்தில் இருக்கிறது. அங்கே இருப்பதோ தண்டவாளமும் சுவரும். சுவருக்கு என்ன கோளாறு வரும்?

வியாழக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் பின்கதவு திறக்கவில்லை. ஆங்கிள் இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்த கதவு. நிலையும் இரும்புதான். அம்மா கையில் சாணிக் கூடையோடு, இடுப்பால் கதவை இடித்துக்கொண்டிருந்தாள்.

“மய வந்துட்டா இந்தக் கதவோட ஒரே பேஜாரு” என்றாள்.

“மழையில ஊறிப்போச்சு” என்றேன், பல் தேய்த்துக்கொண்டே.

நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். “தகரம் எங்கடி ஊறும்?” என்றார். “ஐ.டி.ஐ.ல இத்த சொல்லித் தரலியா?”

வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். தகரம் ஊறாது. இரும்பும் ஊறாது. பிறகு ஏன் வருஷா வருஷம் மழையில் மட்டும் கதவு பிடிக்கிறது? கதவுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். கோடையில் அதில் என் சுண்டுவிரல் நுழைகிற வெடிப்பு ஒன்று இருக்கும். இப்போது பென்சில் கோடு போல மூடியிருந்தது. சுவர் அசைந்திருக்கிறது. சுவரை அசைத்தது அடியில் இருக்கும் மண். எங்கள் ஊர் களிமண் வெயிலில் சுருங்கி வெடிக்கும், தண்ணீர் பட்டால் வீங்கும். இது எனக்குத் தெரியாத விஷயமா? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். மிஷினைப் பற்றி யோசிக்கும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஷெட்டுக்குப் போனதும் ரசமட்டத்தைப் பின்மூலைத் தண்டவாளத்தின் மேல் வைத்தேன். குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கியது. ஆனால் முன்பு எப்படி இருந்தது என்று தெரியாமல் இதை வைத்து எதைச் சொல்ல முடியும்? அப்போதுதான் நீலக் கோடுகளைக் கவனித்தேன். மிஷின் பூட்ட வந்தவர்கள், நூலில் நீலம் தோய்த்து அடித்து, இரண்டு சுவர்களின் நான்கு முனைகளிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டிருந்தார்கள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை, கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒன்றை இரவல் வாங்கி வந்து தண்ணீர் நிரப்பினேன். ஒரு முனையை ஆபரேட்டர் வாசல் பக்க நீலக் கோட்டில் பிடித்துக்கொண்டார். இன்னொரு முனையோடு நான் ஒவ்வொரு மூலைக்காகப் போனேன். இரண்டாவது மூலையில் தண்ணீர் கோட்டுக்கு நேராக நின்றது. மூன்றாவதிலும் அப்படியே. வாய்க்கால் ஓரத்து மூலையில் தண்ணீர் நின்ற இடத்துக்கு இரண்டரை நூல் மேலே இருந்தது கோடு.

“இன்னா நிக்குது?” என்று அங்கிருந்து கத்தினார்.

“செவுரு ஏறியிருக்குதுண்ணா. இந்த மூலை மட்டும் தூக்கிக்கினு நிக்குது.”

டியூப் முனையை அங்கேயே ஓர் ஆணியில் கட்டிவிட்டு ஓடிவந்து குனிந்து பார்த்தார். கோட்டையும் தண்ணீரையும் விரலால் தொட்டார். “செவுத்த எவன்மா தூக்கினான்?”

“மண்ணு.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போகாது என்று தெரிந்த பிறகும் ஏன் முகம் அப்படி வாடியது என்று எனக்கு விளங்கவில்லை.

தண்டவாளத்துக்கு அடியில் மட்டம் பார்ப்பதற்காகப் பூட்டும்போதே தகடுகள் கொடுத்திருந்தார்கள். சுவர் எழும்பிய அளவுக்குத் தகட்டை உருவிவிட்டால் தண்டவாளம் பழைய மட்டத்துக்கு இறங்கும். சுவர் கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்தும் இருந்ததால், தண்டவாளத்தை அரை நூல் வெளியே தள்ளவும் வேண்டும். சனிக்கிழமை காலையில் பாலத்தை முதல் கோட்டுக்கு ஓட்டி நிறுத்தினோம். ரம்பத் தலையை இறக்கிப் பனங்கட்டை முட்டுக் கொடுத்தேன். ஃபியூஸ்களைப் பிடுங்கி டப்பாவில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். பிறகு சுவரின் மேல் ஏறி, ஏழாவது கோட்டருகே குப்புறப் படுத்து, தண்டவாளத்தைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றினேன். ஆபரேட்டர் ஸ்டூல் மேல் நின்று கடப்பாரையால் தண்டவாளத்தை நெம்பித் தூக்க, நான் அடியில் விரலை விட்டுத் தகட்டை உருவிக்கொண்டிருந்தேன்.

மோட்டார் சைக்கிள் வந்தது வாய்க்கால் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. வாசல் பக்கம் நின்ற பாலம் மறைத்ததால் முதலாளிக்கும் எங்களைத் தெரியவில்லை. ஷெட்டில் யாருமே இல்லை என்று நினைத்து, தானே ஓட்டிப் பார்ப்போம் என்று நேராகப் பேனலுக்குப் போய்ப் பச்சைப் பட்டனை அழுத்தியிருக்கிறார். டக், டக், டக் என்று மூன்று முறை கேட்டது.

“கரண்ட் இல்லியா?” என்று குரல் வந்தது. “யாருமே வரலியா இன்னும்?”

ஆபரேட்டர் கடப்பாரையை விடாமல் என்னைப் பார்த்தார். என் விரல்கள் தண்டவாளத்துக்கு அடியில் இருந்தன. பாலம் பதினெட்டடி தள்ளி, இந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

“கரண்ட் கீது மொதலாளி” என்றார், நிதானமாக. “ஃபியூஸு இந்தம்மா சோத்து டப்பாவுல கீது. பட்டன வுட்டுட்டு இப்பிடி வா.”

முதலாளி சுற்றிக்கொண்டு வந்து, நான் படுத்திருந்த நிலையைப் பார்த்தார். பச்சைப் பட்டனைத் தொட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நான் தகட்டை உருவி, தண்டவாளத்தை இறக்கி, போல்ட்டுகளை முடுக்கிவிட்டுத்தான் கீழே இறங்கினேன். நோட்டை எடுத்து நீட்டினேன். எண்களைக் காட்டினேன், டியூபைப் பிடித்து நீலக் கோட்டைக் காட்டினேன்.

“மண்ணு வீங்கிச்சின்னு புக்குல போட்டிருக்கா?” என்றார் முதலாளி.

“புக்குல இல்ல.” சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. “இந்த நெலத்துல எங்கம்மாவோட கூலிக்கு நாத்து நட்டிருக்கேன். இந்த மூலையில கால் வச்சா முட்டி வரைக்கும் போவும். பங்குனியில இதே வழியா பரீட்சைக்குப் போறப்ப என் பேனா வெடிப்புல வுழுந்துச்சு. நைனா ஒரு சவுக்குக் கழிய வுட்டுப் பாத்தாரு. நாலடிக்கும் அடி தட்டல. அவ்ளோ ஆழத்துக்குக் களிதான்.”

முதலாளி என் ஷூவைப் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்த்தார். “அஸ்திவாரம் அஞ்சடி போவச் சொன்னேனே” என்றார்.

எத்தனை அடி போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

“மூணடி” என்றார் ஆபரேட்டர். கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். “நாங்க நாலு பேரு தோண்டினோம். சித்திர மாசம். கடப்பாறையப் போட்டா திரும்பி மூஞ்சிக்கு வருது. பாறை கணக்கா கீது, போதும் மூடுங்கடான்னு சொன்னது நாந்தான்.”

“நீ வெவசாயி வூட்டுப் புள்ளதானே? களிமண்ணு தெரியாது உனக்கு?”

“நெலம்னா தெரியும் மொதலாளி. இது ஷெட்டாச்சே.”

முதலாளி நோட்டை ஒரு பக்கம் முன்னும் ஒரு பக்கம் பின்னும் புரட்டினார். “அப்ப பட்டன் தப்பா அமுக்கல நீ.”

“இல்ல.”

“ஓட்டிக் காட்டு.”

ஃபியூஸ்களை மாட்டினேன். முட்டுக் கொடுத்த பனங்கட்டையை எடுத்தேன். பாலம் ஒரே சீராகப் போனது. ஐந்தாவது கோட்டில் நாலு. ஆறில் நாலு. ஏழில் நாலுக்குக் கொஞ்சம் மேலே. நான் அவசரப்பட்டு நல்ல சேதி மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்து, இது மாசிவரைதான் நிற்கும், வெயில் வந்து மண் சுருங்கினால் மூலை இறங்கிவிடும், அப்போது தலைகீழாகக் கோணும் என்றேன். அஸ்திவாரத்தைக் கெட்டி மண் வரை கொண்டுபோக வேண்டும் என்றேன்.

“மிச்சம் ரெண்டடிய யாரு தோண்டுறது?” என்றார் முதலாளி.

“நாந்தான்” என்றார் ஆபரேட்டர். “மய வுட்டதும்.”

முதலாளி தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். வேறு ஆளைப் பற்றிப் பிறகு பேச்சே எடுக்கவில்லை.

தை பிறந்ததும் தோண்டினோம். சுவர் சாய்ந்துவிடாதபடி ஒரு நேரத்துக்கு ஒரு முழம் மட்டும் தோண்டி, அதை அடைத்த பிறகு அடுத்த முழம். ஐந்தடி தாண்டி அரையடியில் சரளை தட்டியது. அடைக்கக் கல்லுக்குப் பஞ்சமில்லை. வேலியோரம் கிடந்த கோணல் பலகைகளை உடைத்து அவற்றையே உள்ளே இறக்கினோம். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்த கற்கள் மண்ணுக்குள் போவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. என் பேனாவையும் தேடினேன். கிடைக்கவில்லை.

முதல் நாள், சுவருக்கு அடியில் தோண்டுவதற்காக ஆபரேட்டர் குழிக்குள் ஒரு காலை வைத்தார். பிறகு காலை எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். தலைக்கு மேலே, சுவர் உச்சியில், பாலம் நின்றிருந்தது.

“டப்பாவத் தொற” என்றார்.

திறந்து காட்டினேன். குனிந்து விரலால் எண்ணினார்.

“மூணும் கீதா?”

“கீதுண்ணா.”

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.